மாடியில் இத்தாலி, மகனுக்கு இங்கிலாந்து

திருவண்ணாமலையில் ரமணாஸ்ரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு வகைத் தந்தை உண்டு. பெயர் வேண்டாம், தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். கீழ்வீட்டில் அவர், அவர் மனைவி, ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மகன். மாடியில் நவம்பர் முதல் மார்ச் வரை வெள்ளைக்காரர்கள். ஒரு வருஷம் இத்தாலியிலிருந்து ஓர் அம்மாள், மறு வருஷம் ஒரு ஜெர்மானியத் தம்பதி, அதற்கடுத்த வருஷம் மறுபடியும் அதே இத்தாலிய அம்மாள், இந்தத் தடவை தங்கையோடு. அந்த வாடகையில்தான் மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழும்பியிருக்கிறது. நம்மவருடைய ஆங்கிலத்தில் மொத்தம் ஐந்து பாடம்: அட்வான்ஸ், இன்வெர்ட்டர், வெந்நீர், வீட்டில் அசைவம் கூடாது, குரங்கு வரும் ஜன்னலைச் சாத்து. இந்த ஐந்துக்குள் அவர் திக்கியதாக வரலாறு இல்லை. வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை, பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்த ஒரு பிரெஞ்சுக்காரருக்கே ஆங்கிலத்தில் விளக்கி வழிக்குக் கொண்டுவந்தவர். ஆனால் கேட்டுப் பாருங்கள், “நமக்கு இங்கிலீஷ் வராதுங்க, பையனாவது கத்துக்கட்டும்” என்பார். அதற்காகத்தான் பையனை மூன்று வாரம் இங்கிலாந்தில் நடக்கும் ஆங்கிலக் கோடை முகாமுக்கு அனுப்பப்போகிறார். மாடிக்குப் போய் அந்த அம்மாளைத் தொந்தரவு செய்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அதே பையனுக்கு ஆண்டுதோறும் உத்தரவும் போடுகிறார்.

முகாம் என்பது ஏமாற்று வேலையல்ல. பெர்ட்டில் ஹுல்ட் என்ற சுவீடன்காரருக்குப் பள்ளியில் ஆங்கிலம் ஏறவில்லை. லண்டனில் வேலைபார்த்த நாட்களில் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அனுபவத்தை மூலதனமாக வைத்து 1965இல் சுவீடனின் பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு இங்கிலாந்து அனுப்பத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் இ.எஃப். நிறுவனம் அப்படிப் பிறந்ததுதான். பிரைட்டன், போர்ன்மத் போன்ற கடற்கரை ஊர்களும் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கோடையில் இந்தப் பிள்ளைகளால் நிரம்புகின்றன. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மால்டா, வீட்டில் மால்டிய மொழி பேசிக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஆங்கிலம் விற்கிறது. கொரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிச் செலவழித்து மாளாமல், 2006இல் பாஜு என்ற இடத்தில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கட்டினார்கள். வாசலில் விமான நிலையம்போல் இமிகிரேஷன் மேசை, உள்ளே கடைத்தெரு, எங்கும் ஆங்கிலம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு மாகாண அரசு கோடிகோடியாகக் கொட்டி எழுப்பிய அந்தச் செட்டிங், ஆசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டில் ஓர் இளநீர் வண்டி, இரண்டு ஆட்டோ, ஸ்கூட்டர் வாடகைக் கடை ஒன்று என்ற அளவில் காலணாச் செலவில்லாமல் தானே அமைந்திருக்கிறது என்பது நம்மவர் கண்ணில் இன்னும் படவில்லை.

முகாமின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பு என்பது இந்தத் தொழிலில் சாதாரண ஏற்பாடு. மிச்ச நேரம் நீச்சல், கால்பந்து, கோட்டை பார்த்தல், இரவு டிஸ்கோ. மூன்று வாரத்துக்கு 45 மணி நேரம். வகுப்பில் 15 பேர் என்றால், ஆசிரியர் வாயையே திறக்காத உத்தமராக இருந்தாலும், ஆளுக்குப் பேசக் கிடைப்பது மூன்று மணி நேரம். இதற்கு விமான டிக்கெட்டோடு சேர்த்து லட்சங்களில்தான் பில். முகாம்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இருவர் இருவராக உட்கார்த்திவைத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் பேசவைப்போம், வகுப்புக்கு வெளியே நாள் முழுக்க ஆங்கிலம்தான் என்பார்கள். நியாயமான பதில். பக்கத்தில் உட்காரும் அந்த இன்னொருவர் யார் என்பதுதான் விஷயம். இங்கிலாந்துப் பிள்ளை ஆங்கில முகாமுக்கு ஏன் வரப்போகிறான்? இத்தாலிப் பையன் இருப்பான், ஸ்பெயின் பெண் இருப்பாள், துருக்கி, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் இருக்கும். திருவண்ணாமலைப் பையன் இங்கிலாந்து போய் மூன்று வாரம் இத்தாலிக்காரனோடு அரைகுறை ஆங்கிலத்தில் பேசிவிட்டுத் திரும்புவான். அந்த இத்தாலிக்காரனின் பெரியம்மாதான் ஐந்து மாதமாக மாடியில் அதே அரைகுறை ஆங்கிலத்தோடு இருக்கிறாள், இவருக்கு மாதாமாதம் பணமும் கொடுத்துக்கொண்டு.

ஆங்கிலம் இந்த ஊருக்கு வந்த கதையையே எடுத்துக்கொண்டால் நம்மவருக்கு அது பிடிக்காது. 1896 ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு, ஆங்கில இலக்கணம் படித்து வராத குற்றத்துக்காக, பெயின் என்பவரின் இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொல்லி இம்போசிஷன். இரண்டு முறை எழுதிவிட்டு மூன்றாவதில் நோட்டை மூடினான். அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கென்று வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு ரயிலேறினான். செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையார் சந்நிதியில் நின்றான். அவன் ரமண மகரிஷியாகி, அவரைத் தேடி உலகம் வந்து, உலகத்துக்குத் தங்க மாடி தேவைப்பட்டு, நம்மவர் வீட்டுக்குச் சிமெண்டு இறங்கியது வரை எல்லாவற்றுக்கும் மூலம், பாதியில் விட்ட ஓர் ஆங்கில வீட்டுப்பாடம். ஒன்பதாம் வகுப்பு மகன் இந்தச் செய்தியைத் தெரிந்துவைத்திருக்கிறான். எப்போது பயன்படுத்துவது என்றுதான் காத்திருக்கிறான்.

மகரிஷியைத் தேடி வந்த வெள்ளைக்காரர்களில் முதல்வராகச் சொல்லப்படும் ஃபிராங்க் ஹம்ஃப்ரிஸ் வந்தது 1911இல். வேலூரில் போலீஸ் அதிகாரிப் பயிற்சிக்கு வந்த இளைஞர். அவருக்குத் தெலுங்கு கற்றுக்கொடுக்க அமர்த்தப்பட்ட நரசிம்மய்யாதான் இங்கே அழைத்துவந்தார். ஆக, முதலில் வந்தவரே மொழி மாணவர்தான், அதுவும் இங்கிலாந்திலிருந்து. 1931இல் பால் பிரண்டன் வந்தார். அவர் எழுதிய புத்தகம் 1934இல் லண்டனில் வெளியாகி இந்த ஊரை மேற்கே கொண்டுபோயிற்று. 1938இல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். ஆசிரமத்தில் கேள்வி ஆங்கிலத்தில் வரும், மகரிஷிக்கு அது நேராகவே புரியும், பதில் பெரும்பாலும் தமிழில் வரும், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பார். பக்தரான முனகால வெங்கடராமையா அந்த உரையாடல்களை ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். இலக்கணத்தை நட்டாற்றில் விட்டவர் சபையில் மொழி ஒருநாளும் முட்டுக்கட்டையாக இருந்ததில்லை. கங்கைக்கரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட விசிறிச் சாமியார் யோகி ராம்சுரத்குமாரிடம் தமிழ்ப் பக்தர்கள் உருகி உருகிப் பேசியதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இங்கிலாந்துக்காரர் வந்து சொல்லிக்கொடுக்கட்டும் என்று காத்திராமல் ஆங்கிலம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த ஊர் இது. இங்குள்ள பழைய பள்ளிகளில் ஒன்றே டேனிஷ் மிஷன் பள்ளி. ஆங்கிலத்தின் சொந்தக்காரர்களிடமிருந்துதான் ஆங்கிலம் வர வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு இந்த ஊரில் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

உடனே மறுப்பு வரும்: “ஆட்டோக்காரர் பேசுறதெல்லாம் ஒரு இங்கிலீஷாங்க? ‘யூ கோ, ஐ வெயிட், டூ ஹண்ட்ரட்’ன்னு பேசினா எந்த ஐடி கம்பெனி வேலை குடுக்கும்?” இதில் பாதி உண்மை. இறந்தகாலம், எதிர்காலம் எதுவும் அந்த ஆங்கிலத்தில் கிடையாது. எல்லாம் இந்த நிமிஷத்தில் நடக்கிறது. இந்த ஊரில் அதைக் குறை என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வராது என்பது ஒருபுறமிருக்க, இலக்கணம் வருஷக்கணக்கில் வகுப்பில் உட்கார்ந்து வாங்க வேண்டிய சரக்கு. 45 மணி நேர முகாமும் அதைத் தராது. தருவதாக நல்ல முகாம் எதுவும் சொல்வதில்லை. முகாம் போக்குவது வாய்க்கூச்சத்தை. கூச்சம் போவதற்குத் தேவை, நம் மொழி தெரியாத ஒருவரிடம் நமக்கு ஆகவேண்டிய ஒரு காரியம். ஆட்டோக்காரருக்கு அது இருக்கிறது. மே மாதத்தில் கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நடத்தும் 21 நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அது இல்லை, அங்கே தமிழ்ப் பையன் தமிழ்ப் பையனிடம் “மே ஐ நோ யுவர் குட் நேம்?” என்று கேட்கிறான், இரண்டு பேரும் ஒரே தெரு.

இன்னொரு மறுப்பு வலுவானது. மாடி அம்மாள் ஆங்கில டியூஷன் எடுக்க வரவில்லை. ரமணர் மௌனத்தால் உபதேசித்தார் என்று படித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்காரத்தான் மிலானிலிருந்து டிக்கெட் போட்டு வந்திருக்கிறாள். பேசாமல் இருக்கப் பறந்து வருகிறவளைப் பேசவைத்து, பேசுவதற்காகப் பையனை வெளியே பறக்கவிடும் செலவை மிச்சம்பிடிக்கப் பார்ப்பது அநியாயம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். முன்பின் தெரியாத பெரியவர்களோடு பிள்ளையைத் தனியே பழகவிடுவதும் சரியல்ல; இங்கிலாந்து முகாமில் வேலைக்குச் சேருகிறவர்களைப் போலீஸ் பதிவு பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் மௌனத்துக்கும் மாலை நாலு மணி உண்டு. அந்த அம்மாள் கீழே இறங்கி வந்து பால் எங்கே கிடைக்கும், மலைமேல் இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கு எந்தப் பக்கம் ஏறுவது, சலவைக்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத்தான் செய்கிறாள். அப்போது வாசலுக்கு ஓடிவருவது அப்பா. மகன் கதவுக்குப் பின்னால் நின்று சம்மர் கேம்ப் பிராஸ்பெக்டஸ் படிக்கிறான். அந்தப் பதில்களைப் பையன் வாயிலிருந்து, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரவழைத்தால் போதும். அதில் யாருடைய தவமும் கலையாது.

கடைசி மறுப்பு ‘எக்ஸ்போஷர்’. தனியாகப் பெட்டி கட்டுவான், தன் துணியைத் தானே துவைப்பான், பல நாட்டுப் பிள்ளைகளோடு பழகுவான். இதற்குப் பதில் இல்லை; முகாமின் உண்மையான லாபம் இதுதான், வசதி உள்ளவர் இதற்காகவே அனுப்பலாம், தவறில்லை. நம்மவர் அனுப்புவது இதற்காகத்தானா என்றால், கொஞ்சம் விசாரிக்க வேண்டும். ஓசூரில் இருக்கும் சகலை போன வருஷம் தன் மகளைத் துபாய்க்குக் கூட்டிப்போய்க் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது போட்டோ போட்டிருக்கிறார். துபாய்க்குப் பதில் சொல்லக்கூடிய ஊர் என்று உலக வரைபடத்தில் தேடியபோது கிடைத்தது ஆக்ஸ்ஃபோர்டு. பையன் என்ன பேசினான் என்று வாட்ஸ்அப்பில் யாரும் கேட்கப்போவதில்லை. எதற்கு முன்னால் நின்றான் என்பதுதான் தெரியும். ‘குட் டே சார்’ என்று சொல்லிக்கொண்டு வாடகை ரசீது நீட்டும் பையனைப் போட்டோ எடுத்துப் போட்டால் சகலை வயிறு எரியுமா?

இவ்வளவும் தீர்ந்து பணம் கட்டும் நேரத்தில்தான் பஞ்சாங்கம் குறுக்கே வருகிறது. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியும் மே மாதமும். ஜூனில் பள்ளி திறந்துவிடும். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்கும், பெரிய முகாம்களும் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான். அதற்குள் நம் பையன் பத்தாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பான். மூன்று வாரம் லீவு வேண்டும் என்று பப்ளிக் எக்ஸாம் வருஷத்தில் ஹெட்மாஸ்டரிடம் போய் நிற்க அப்பாவுக்கு எந்த மொழியிலும் வார்த்தை வரவில்லை. ஈஸ்டர் முகாம் என்று ஒன்று இருப்பதாக ஏஜெண்ட் சொல்கிறார். அது முழுப் பரீட்சை நேரம். சரி, பதினொன்றாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, விசா பேப்பர்களையாவது இப்போதே சேர்த்துவைப்போம் என்று ஆடிட்டரிடம் போகிறார். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமானத்துக்கு ஆதாரம் இரண்டும் வேண்டும் என்கிறார் ஆடிட்டர். “வாடகை வருமானம் எதுல காட்டியிருக்கீங்க?” என்று அவர் கேட்கும்போது நம்மவர் முதல்முறையாகத் திக்குகிறார். அட்வான்ஸ், இன்வெர்ட்டர், வெந்நீர் எல்லாவற்றையும் இத்தனை வருஷமாகக் கையில் ரொக்கமாகத்தான் வாங்கியிருக்கிறார்.