கொஞ்சூண்டு மருத்துவம்

வேர்க்கடலையும் முந்திரியும் ஒவ்வாத பிள்ளையைப் பெற்றவர்கள் டாக்டரைத் தேடி அலைவது வீண் செலவு. அதே காசை ஒரு கல்யாணத்தில் மொய் எழுதினால், பந்தி நெடுக நிபுணர்கள்.

மருத்துவ உலகம் இன்னும் மில்லிகிராமில் திணறிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா 'கொஞ்சூண்டு' என்ற அலகை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். கொஞ்சூண்டு எந்த உடம்பையும் ஒன்றும் செய்யாது. பாயசத்தில் முந்திரி இருக்கிறதே என்றால், "பொறுக்கி எடுத்துட்டுத்தான்டி கொடுத்தேன்!" முந்திரி வறுத்த நெய்? நெய் பிள்ளைக்குப் புஷ்டி.

ஒவ்வாமை தரும் பொருள்களைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டு விதிமுறை. பெரியம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து வரும் கடலை மிட்டாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

சித்தப்பா ஆய்வுப் பிரிவு. கைக்குழந்தையிலேயே வேர்க்கடலை கொடுத்துப் பழக்கினால் ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறையும் என்ற 2015 லண்டன் ஆய்வு அவருக்கு மனப்பாடம். ஏற்கெனவே ஒவ்வாமை வந்த பிள்ளையிடம் அதைப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் வாட்ஸ்அப்பில் இடம் போதாமல் விடுபட்டுவிட்டது.

உதடு வீங்கினால்? திருஷ்டி. மிளகாய் சுற்றிப் போடலாம். கைப்பையில் அட்ரினலின் ஊசியோடு நிற்கும் அம்மாவுக்கும் சேர்த்துச் சுற்றுவது நல்லது, பதற்றம் தணியும்.

இதற்குள் பெரியம்மாவின் இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய் விழுந்துவிட்டது. "ஐயோ, எனக்கு ஆகாது, அரிக்கும்!"

பரிமாறியவர் வெலவெலத்துப் போனார். இலையை மாற்றினார்கள். கரண்டியையும்.