இறாலுக்கு நீலம், நமக்குச் சிவப்பு

கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரை, கரையோர வாசகர்கள் இம்முறை சொல்லிவைத்தாற்போல் இரத்தத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எனக்கு மெத்தச் சந்தோசம். பதில்களில் ஓரிரண்டு உயிர் காக்கக்கூடியவை; அவற்றுக்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உதடு வெடித்து இரத்தம் நாக்கில் பட்டால் கரிக்கிறது. நாள் முழுக்க உப்புப் பாத்தியில் நிற்பதாலா? (உப்பளத் தொழிலாளி, பாலாவி)

இல்லை அண்ணன். கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருப்பவரின் இரத்தமும் இதே அளவு கரிக்கும். நம் எல்லோருடைய இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் லீட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்குச் சமமான கரிப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சேலைனிலும் அதே 9 கிராம்தான். கடல்நீரில் 35 கிராம். உங்கள் பாத்தியில் உப்புப் பூக்கும் வேளையில் அது ஏழெட்டு மடங்காகிவிடும்.

அந்த 9 கிராம் நாக்கின் ருசிக்காக வைத்ததல்ல. செங்குழியம் ஒன்றைத் தனித் தண்ணீரில் போட்டால் ஊதி வெடிக்கும், கடல்நீரில் போட்டால் சுருங்கிப்போகும். இரண்டும் நடக்காமல் சிறுநீரகமும் தாகமும் இரவும் பகலும் காவல் இருக்கின்றன. வெயிலில் நீங்கள் சிந்தும் வியர்வை இரத்தத்தின் நீரிலிருந்தே போகிறது. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கினால், பாத்தியை விட்டு எழுந்து முதலில் தண்ணீர் குடியுங்கள். கடல்நீரை மட்டும் வாயில் வைக்காதீர்கள்: அதன் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடம்பு இழக்க நேரும்.

கேள்வி: இறாலை உரித்தால் இரத்தமே வருவதில்லை. அதற்கு இரத்தம் இல்லையா? (இல்லத்தரசி, உடப்பு)

இருக்கிறது. நீங்கள் கழுவி ஊற்றும் தண்ணீரோடு போகிறது. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு. இறாலில் அந்த வேலையைச் செப்புப் பார்க்கிறது. செப்புள்ள அந்தப் புரதம் ஒட்சிசனைப் பிடித்திருக்கும்போது இளநீலம், விட்டபின் நிறமில்லை. அதனால்தான் கண்ணில் படவில்லை. நண்டும் கணவாயும் அதே நீலக் குடும்பம்.

இறாலின் இரத்தத்தில் இன்னொரு குறையும் உண்டு, அதை நம் பகுதி பெருவிலை கொடுத்து அறிந்தது. 1996இல் வெண்புள்ளி வைரஸ் புத்தளம் மாவட்டத்துப் பண்ணைகளுக்குள் புகுந்து குளம் குளமாக இறாலை அழித்தது. நம் வெண்குழியங்களில் ஒரு வகை, ஒருமுறை வந்த கிருமியை ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்புப் புரதம் செய்யும். சின்னமுத்து ஒருதடவை வந்தவருக்கு மறுபடி வராமலிருப்பது அதனால்தான். இறாலுக்கு அந்த எதிர்ப்புப் புரதம் கிடையாது. பிள்ளைக்குப் போடுவதுபோல் இறாலுக்குத் தடுப்பூசி போட வழியில்லாததால், நோய் குளத்துக்குள் வராமல் காப்பதே பண்ணைக்காரருக்கு முதல் மருந்து.

கேள்வி: இரத்தத்தில் யார் யார், எவ்வளவு பேர்? பரீட்சைக்கு வேண்டும். (மாணவி, கற்பிட்டி)

வளர்ந்தவர் உடம்பில் ஏறக்குறைய 5 லீட்டர் இரத்தம். நூறு பங்கில் 55 பங்கு திரவவிழையம் (ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா என்பார்கள்). மிச்சத்தில் ஏறத்தாழ எல்லாம் செங்குழியம். வெண்குழியமும் சிறுதட்டும் (பிளேட்லெட் என்பது இதுதான்) சேர்ந்தே ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

செங்குழியம் தன் கருவையே துறந்து அந்த இடத்தையும் ஈமோகுளோபினுக்குக் கொடுத்துவிட்டது. ஆயுள் 120 நாள். உன் எலும்பு மச்சை ஒவ்வொரு நொடியும் 20 இலட்சம் அளவில் புதிதாகச் செய்து அனுப்புகிறது. கேள்வித்தாளை நீ திருப்பும் நேரத்துக்குள் ஒரு கோடி பிறந்திருக்கும். பிளாஸ்மாவில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். சத்தும் கழிவும் ஓமோனும் அதில்தான் பயணம் செய்கின்றன. அதிலுள்ள அல்புமின் என்ற புரதம் நீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடித்திருக்கிறது. இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதே, அடுத்த பதிலுக்கு அதுவே சாவி.

கேள்வி: மகனுக்கு டெங்கு. பிளேட்லெட் 90,000க்கு இறங்கிவிட்டது. பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா? (தாய், புத்தளம் நகரம்)

கூட்டிப்போகாதீர்கள், சகோதரி. தனிக் கடிதத்தில் உடனே எழுதிவிட்டேன். மற்ற தாய்மாருக்காக இங்கேயும் சொல்கிறேன்.

டெங்கு என்றதும் ஊரே பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. வாப்பா, மாமி, பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் அந்த ஒரு எண் போதும். ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிளாஸ்மாக் கசிவு. மூன்று நான்கு நாள் காய்ச்சல் அடித்து, அது இறங்கும் தறுவாயில், மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் இளகுகிறது. நீரும் அல்புமினும் குழாயை விட்டு நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்குகின்றன. குழாய்க்குள் எஞ்சும் இரத்தம் தடிக்கிறது, அளவு குறைகிறது, அழுத்தம் விழுகிறது. இந்தக் கண்டம் 24 முதல் 48 மணித்தியாலம். பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரிக்கும் அதே நேரத்தில்தான் இது உள்ளே நடக்கிறது. காய்ச்சல் விட்டது என்று வீடு திரும்பும் தாய், ஆபத்து தொடங்கும் வேளையில் ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறாள்.

ஆகவே ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குவது, கசிவு தொடங்கலாம் என்ற முன்னறிவிப்பு. பீ.சீ.வீ. என்று எழுதியிருக்கும் எண், இரத்தத்தில் செங்குழியத்தின் பங்கு. 35 இருந்தது 42க்கு ஏறினால் செங்குழியம் கூடிவிட்டதாக அர்த்தமில்லை, தண்ணீர் வெளியே போகிறது. டாக்டர் மணிக்கு மணி இந்த எண்ணையும் சிறுநீரின் அளவையும் பார்த்து, சேலைனை அளந்து ஏற்றுவார். குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றமாட்டார்கள். “ஏன் ஏற்றவில்லை?” என்று தாதியோடு சண்டை பிடிக்காதீர்கள்.

பப்பாசி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று உயர்த்தினாலும், கசிவை அடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால், இருந்த நீரும் போகும். ஜீவனி, கஞ்சி, இளநீர் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரொபன் வேண்டவே வேண்டாம்; அவை இரத்தம் உறைவதைக் கெடுக்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல்: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 2017இல் நம் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

கேள்வி: பீற்றூட் சாப்பிட்டால் இரத்தம் ஊறுமா? (முந்தல்)

நிறம் ஒன்று, சத்து வேறு. நெத்தலியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு பீற்றூட்டில் இல்லை. டெங்குக்காரருக்கோ பீற்றூட் சாறு கொடுக்கவே கூடாது. சிவப்பாய் வாந்தி வந்தால் இரத்தமா, சாறா என்று டாக்டர் தடுமாறுவார்.

கேள்வி: நரம்பு நீலமாகத் தெரிகிறதே, எனக்கு இறால் இரத்தமா? (இறால் பண்ணைக் காவலாளி, முந்தல்)

உங்களுக்கும் சிவப்புத்தான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. தோலுக்குள் புகுந்து திரும்பும் வெளிச்சம் கண்ணை ஏமாற்றுகிறது.

கேள்வி: மணல் தரையில் சுருட்டை விரியன் கடித்தால் கீறி விஷத்தை எடுக்கலாமா? (கச்சான் பயிரிடுபவர், வண்ணாத்திவில்லு)

கீறவே கூடாது. காரணம் இரத்தத்திலேயே இருக்கிறது.

கை வெட்டுப்பட்டால் முதலில் குழாய் சுருங்கும். சிறுதட்டுகள் ஓடிவந்து வாயை அடைக்கும். அதன்மேல் பிளாஸ்மாவில் கரைந்திருந்த பைபிரினோஜன் நூலாகத் திரிந்து, கரைவலைபோல் விரிந்து செங்குழியங்களை வளைத்துப் பிடிக்கும். அதுதான் பொருக்கு. சுருட்டை விரியனின் விஷம் இந்த வலையைக் கண்ட இடத்திலெல்லாம், வேண்டாத வேளையில் பின்ன வைக்கிறது. நூல் அத்தனையும் வீணாய்ச் செலவாகித் தீர்ந்துபோகிறது. பிறகு முரசிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியும், உறையாது. கண்ணாடி விரியனும் வேறு வழியில் இதே நாசத்தைத்தான் செய்கிறது, இன்னும் கடுமையாக. இரத்தம் உறையாத உடம்பில் பிளேட்டால் கீறினால் அதை நிறுத்துவது யார்?

ஆஸ்பத்திரியில் செய்யும் முதல் சோதனை எளிமையானது. கொஞ்சம் இரத்தத்தை உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். தண்ணீராய் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. நம் நாட்டில் ஏற்றும் விஷமுறி மருந்து பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது, குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். முகந்தெரியாத ஒரு குதிரை வண்ணாத்திவில்லு விவசாயியைக் காப்பாற்றுகிறது, நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கடிபட்டால் மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கைகாலை அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மனைவி வெளிறிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள். மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறே இல்லையே? (மீனவர், கண்டக்குழி)

மீனின் தலையும் நடுத்துண்டும் யார் கோப்பைக்குப் போகிறது என்று ஒருநாள் கவனியுங்கள். மாதம்தோறும் இரத்தம் இழப்பவள் அவள். உடம்பிலுள்ள இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈமோகுளோபினில்தான் இருக்கிறது. சோறு உண்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ உணவின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும், கறியில் தேசிக்காய் பிழியட்டும். ஆனாலும் சாப்பாட்டோடு நிறுத்தாமல் இரத்தம் சோதித்து, ஈமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் காரணம் தேடவேண்டும்.

கேள்வி: கடலட்டை எடுக்கச் சிலிண்டரோடு இறங்கும் தம்பிக்கு மேலே வந்ததும் மூட்டு வலி. மறுபடி இறங்கினால் குறையும் என்கிறான். (கற்பிட்டி)

அவனைத் தடுத்து நிறுத்துங்கள். 30 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் நான்கு மடங்கு. அங்கே சுவாசிக்கும் நைதரசன் பிளாஸ்மாவிலும் கொழுப்பிலும் கரைகிறது. விறுவிறுவென்று மேலே ஏறினால் அது குமிழியாக வெளிப்பட்டு மூட்டை, முள்ளந்தண்டை அடைக்கும். நடக்க முடியாமலே போய்விடலாம். திரும்ப இறங்குவது இன்னும் நைதரசனை ஏற்றும். ஒட்சிசன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். “இவர் சுழியோடி” என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சிலாபம்)

உங்கள் ஊருக்கு இது பழைய காயம், ஐயா. 1934இல் மழை பொய்த்து, தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் குட்டை குட்டையாய் வற்றி, நுளம்பு பெருகி, மறுவருடம்வரை நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேரைக் கொள்ளை நோய் கொண்டுபோனது. அந்தக் கிருமி செங்குழியத்துக்குள் குடிபுகுந்து, ஈமோகுளோபினைத் தின்று, உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒன்றுவிட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் அடிப்பது அந்த உடைப்பின் கணக்கு. உள்நாட்டில் தொடர்ந்து பரவிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் தந்தது. ஆனால் கிருமி வெளிநாடு போய் வருபவரின் செங்குழியத்தில் விமானத்தில் வருகிறது, இங்கே நுளம்பும் காத்திருக்கிறது. ஆபிரிக்காவோ இந்தியாவோ போய்வந்து காய்ச்சல் கண்டால் பயணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: இரத்தம் கொடுத்தால் திரும்ப ஊற எவ்வளவு நாள்? எனக்கு வயது 45. (முச்சக்கரவண்டிச் சாரதி, புத்தளம்)

பிளாஸ்மா ஓரிரு நாளில் நிறைந்துவிடும். செங்குழியத்துக்குச் சில வாரம். இரும்புக் கையிருப்புத்தான் ஆறுதலாக வரும், அதனால் இங்கே நான்கு மாத இடைவெளி வைத்திருக்கிறார்கள். 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்கு மேல், ஈமோகுளோபினும் போதிய அளவு இருந்தால் அடையாள அட்டையோடு இரத்த வங்கிக்குப் போங்கள். நீங்கள் தரும் ஒரு பையைப் பிரித்து, செங்குழியத்தைப் பிள்ளை பெற்று இரத்தம் இழந்த தாய்க்கும், பிளாஸ்மாவை எரிகாயக்காரருக்கும், சிறுதட்டைப் புற்றுநோய்ப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். சிறுதட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே நோன்பும் பெருநாளும் கோயில் திருவிழாவும் வந்து முகாம்கள் குறையும் வாரங்களில் உங்கள் கை இன்னும் அதிகமாகத் தேவைப்படும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்குப் பாரம் தூக்கும் ஓட்டம் எடுக்காதீர்கள்.