துபாய்க்காரரும் மூணாறுக்காரனும்

மருமகன் துபாயில் விமானத்தில் உட்கார்ந்ததும் போன் பண்ணுவார். "மாமா, ஏறியாச்சு. நீங்களும் கிளம்புங்க." அந்த நிமிஷமே பந்தயம் தொடங்கிவிடும். அவருக்குக் கடல் தாண்டி சுமார் 2,800 கிலோமீட்டர். எனக்கு மூணாறிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு 110 கிலோமீட்டர் சொச்சம், அதிலும் பாதி இறக்கம். ஜெயிப்பது யாரென்று கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

விமானத்துக்கு நாலு மணி நேரம் என்று பேர். கிறிஸ்துமஸ் லீவில் வந்தால் அதுவும் குறையும். குளிர்காலத்தில் உயரே வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுமாம். என்னைத் தள்ளவும் வண்டியில் ஆள் உண்டு. "என்னங்க, அந்த லாரியை முந்துங்க" என்பாள். முந்தி முடிப்பதற்குள் "நிறுத்துங்க, குமட்டுது" என்பாள். லாரி எங்களை முந்திப் போகும்.

போன லீவில் ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே படையப்பா நின்றுகொண்டிருந்தது. சினிமா இல்லை சார், எங்கள் ஊர்க் காட்டு யானை. பெட்டிக்கடை கேரட் மூட்டையைக் காலால் கிழித்து, ஒவ்வொன்றாக மண் தட்டி, நிதானமாகத் தின்றது. ஹாரன் அடிக்கக்கூடாது, லைட் போடக்கூடாது. அந்நேரம் அரபிக்கடலுக்கு மேலே மருமகனும் சாப்பாட்டுத் தட்டைப் பிரித்திருப்பார். பட்டினி நான் ஒருத்தன்தான்.

ரயிலில் போகக்கூடாதா என்பீர்கள். 1908இலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துப் போனது. இன்றைக்கு எங்கள் இடுக்கி ஜில்லாவிலேயே தண்டவாளம் கிடையாது. விமானமாவது இங்கேயே இறங்குமா என்றால், வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்தில் என்.சி.சி. பிள்ளைகளுக்கு ஓடுபாதை போட்டார்கள். 2022 மழையில் ஒரு பக்கம் சரிந்து, ஓடுபாதையும் ஓடியது.

அப்புறம் அடிமாலி நெரிசல், வாளறையில் அருவி முன்னால் செல்பி எடுப்பவர்கள், 1935இல் திறந்த நேரியமங்கலம் பாலம். எதிரே ஒரு பஸ் நுழைந்துவிட்டால், பழையகால ஆர்ச்சுகளை ரசித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் நன்றாக ரசித்திருக்கிறேன்.

நெடும்பாசேரி போய்ச் சேர்ந்தால், மகள் குடும்பம் காபி குடித்து முடித்து எனக்காகக் காத்திருக்கும். "வரவேற்க வந்தது யாருப்பா?" என்பாள் மகள்.

இந்த லீவுக்கு வீட்டுக்காரி சட்டம் போட்டுவிட்டாள்: முந்தின ராத்திரியே புறப்பாடு. விடிய நாலு மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். படையப்பா இல்லை, பஸ் இல்லை, வாழ்க்கையில் முதல் வெற்றி. அந்த விமானம்தான் மூன்று மணி நேரம் லேட்.

நாற்காலியில் தலை தொங்கித் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. காதருகே பேரன் குரல் கேட்டது.

"அப்பா, தாத்தாவையும் டிராலியில ஏத்திடலாமா?"