உயரத்துக்கு ஊர் பார்க்க முடியாது: பூங்கா ஊழியர் பகிடி குறித்து மல்வேர்னிலிருந்து ஒரு முன்னாய்வு

ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு மூலையில், நெயில்சன் வீதியும் ரப்ஸ்கொற் வீதியும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிக் கிடக்கும் மல்வேர்னில் கேளிக்கைப் பூங்கா எதுவும் இல்லை. மோல் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, ரோல்ஸ் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் மூடியதும் இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் சீருடை போட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டி குத்தி, இரண்டு திசைகளில் வேலைக்குப் பிரிந்து போவதைக் காணலாம். கிழக்கே போகிறவர்கள் ரொறன்ரோ மிருகக்காட்சிசாலைக்கு; காரில் ஏறி வானொலியில் விளம்பரம் முடிவதற்குள் வந்துவிடும். மேற்கே போகிறவர்கள் வோன் நகரிலுள்ள கனடாஸ் வொண்டர்லாண்டுக்கு. இவர்கள் 407 நெடுஞ்சாலையைப் பிடித்தால் காசு போகும், 401ஐப் பிடித்தால் நேரம் போகும், பஸ்ஸைப் பிடித்தால் இளமை போகும்.

இவ்விரு பூங்காக்களைப் பற்றியும் அறிஞர் உலகம் அளக்கக்கூடியதை எல்லாம் அளந்துவிட்டது. மிருகக்காட்சிசாலை 1974 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பரப்பு 287 ஹெக்டேயர். வொண்டர்லாண்ட் 1981 மே மாதம் திறந்தது. அங்கே 2008இல் வந்த ரோலர்கோஸ்டர் பெஹிமொத் 70 மீற்றர் உயரம், 2012இல் வந்த ரோலர்கோஸ்டர் லெவியாதன் 93 மீற்றர் உயரம், மணிக்கு 148 கிலோமீற்றர் வேகம். அந்த 93 மீற்றருக்குக் கீழே நின்று ஆட்களின் மடிக்கம்பியை அமுக்கிப் பார்க்கும் பதினேழு வயதுப் பிள்ளை வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் அளக்கவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் பெருமளவு அப்படியே விட்டுவைத்து, சிறிதளவு நிரப்ப முயல்கிறது.

முறையியலைப் பற்றி இரண்டு வார்த்தை. கிழக்குப் பிள்ளைகளும் மேற்குப் பிள்ளைகளும் இரவில் ஒன்றுகூடும் இடம் கொத்துரொட்டிக் கடை. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல் நடித்து, காதைக் கொடுப்பதே கையாளப்பட்ட முறை. தகட்டில் கொத்தும் சத்தத்தில் தரவுகளில் கணிசமான பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியவற்றில் எது எந்தப் பூங்காவில் நடந்தது என்பதும் பல இடங்களில் தெளிவில்லை. ஆகவே வாசகர் அதைக் கேட்க வேண்டாம்.

கோட்பாட்டுக்கு வெளியே கையேந்த வேண்டிய தேவை இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றில் நகைக்கே முதலிடம் கொடுத்தவர். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: இளமை, எள்ளல், மடன், பேதைமை. பூங்காவில் வேலை செய்யாத ஒருவர் இவ்வளவு துல்லியமாக எழுதியது வியப்புக்குரியது. இளமை என்பது ஊழியரின் வயது. பேதைமை என்பது வருகிறவரின் கேள்வி. எள்ளல், அந்தக் கேள்விக்கு ஊழியர் மனத்துக்குள் சொல்லும் பதில். மடன் என்பதற்கு உரைகாரர் வழியில், சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று பொருள் கொண்டால், அது பயிற்சி நாளில் கொடுக்கப்படும் வாசகம்தான். ‘இனிய நாளாகட்டும்’ என்று வாசலில் சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளை, கழிப்பறையை விட்டு வெளியே வருகிறவருக்கும் அதையே சொல்லுவது மடன்.

அச்சத்துக்கும் அவர் நான்கு காரணம் சொல்லுகிறார்: விலங்கு, அணங்கு, இறை, கள்வர். விலங்கு கிழக்குப் பூங்காவின் தனிச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. பெஹிமொத்தும் லெவியாதனும் விவிலியத்தில் யோபு நூலில் வருகிற இரண்டு பெரும் மிருகங்களின் பெயர்கள். எனவே மேற்கேயும் விலங்குதான். தீனி போடத் தேவையில்லை என்பதே வேறுபாடு. அணங்கு ஒக்ரோபரில் பேய்வீடாக வருகிறது. இறை என்றது மேற்பார்வையாளரை. கள்வரைப் பற்றி இக்கட்டுரையாளர் வாய் திறக்கப் போவதில்லை. உலகத்தின் எந்தப் பூங்காவுக்குள்ளேயாவது ஒரு போத்தல் தண்ணீர் வாங்கியவருக்கு உரை வேண்டியதில்லை.

இனிக் களத்துக்கு வருவோம்.

கிழக்கின் நிலையான கேள்வி யானை. ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையில் கடைசியாக இருந்த மூன்று யானைகளும் 2013 ஒக்ரோபரில் கலிபோர்னியாவிலுள்ள ஒரு சரணாலயத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன. இந்தச் செய்தி மல்வேர்னின் அம்மம்மாமார் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தெகிவளை மிருகக்காட்சிசாலையில் யானை பார்த்து வளர்ந்தவர்களுக்கு யானை இல்லாத மிருகக்காட்சிசாலை ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றல்ல. இந்தோ-மலாயா மண்டபத்தில் உராங்குட்டானைக் காட்டினால் ‘சரி’ என்கிறார்கள்; துருவக் கரடியைக் காட்டினால் அதற்குக் குளிரவில்லையே என்று சந்தோசப்படுகிறார்கள்; பிறகு யானை எங்கே என்கிறார்கள். பதிவாகிய உரையாடல் ஒன்று:

“பிள்ளை, யானை எந்தப் பக்கம்?”

“யானை கலிபோர்னியாவுக்குப் போட்டுது, அம்மம்மா.”

“அமெரிக்கா விசா குடுத்திட்டானோ?”

“ஓம். மூண்டு பேருக்கும் ஒண்டாக் குடுத்தவங்கள்.”

“பார், எங்கடை தம்பிக்கு ரெண்டு தரம் இல்லையெண்டவன்.”

இங்கே கவனிக்க வேண்டியது யார் யாரைச் சிரிக்க வைத்தார் என்பது. வாடிக்கையாளர் சேவைக் கையேடுகள் அனைத்தும் பகிடி ஊழியரிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போவதாகவே வைத்துப் பேசுகின்றன. மல்வேர்ன் தரவு அதற்கு நேர் எதிர்த் திசையைக் காட்டுகிறது. அந்தப் பிள்ளை செய்ததெல்லாம் ‘மூண்டு பேருக்கும்’ என்று யானையை ஆட்களாக்கி வழிவிட்டதுதான். அதுவே சேவை. பண்டாக் கரடிகளைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அவை 2013இல் வந்து 2018இல் கல்கரிக்குப் போயின. ஆனால் பண்டாவுக்காக எந்த அம்மம்மாவும் மனம் நோகவில்லை.

மேற்கே நிலைமை வேறு. மிருகக்காட்சிசாலைக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், மரநிழலில் துணி விரித்து, புட்டையும் சம்பலையும் பரிமாறிவிட்டுச் சிங்கத்தைப் பார்க்கலாம். வொண்டர்லாண்டுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோக முடியாது. ஆகவே வாசலில் பையைத் திறந்து பார்க்கும் மேசைதான் தமிழ் நகைச்சுவையின் விளைநிலம். வெள்ளித்தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு துவாய் சுற்றி, அதன்மேல் குழந்தையின் மாற்றுடுப்பை வைத்து மறைத்த பொதி ஒன்று மேசைக்கு வருகிறது. பொதி சூடாக இருக்கிறது. எண்ணெய் துவாய் வரை வந்துவிட்டது.

“அன்ரி, இது என்ன?”

“மருந்து, தம்பி.”

“மட்டன் மணக்குது.”

“நாட்டு மருந்து.”

“எங்கடை அம்மாவும் சனிக்கிழமையிலை இந்த மருந்துதான் சுத்துறவ. வெளியிலை மேசை இருக்கு, ஆறமுதல் போய் எடுத்திட்டு வாங்கோ.”

விதி ஒரு மயிரிழையும் தளரவில்லை. ரோல்ஸ் உள்ளே போகவில்லை. ஆனால் அந்த அன்ரி அவமானப்படவும் இல்லை. அதே வாசகத்தைக் கையேட்டில் உள்ளபடி சொல்லியிருந்தால், அடுத்த மூன்று கலியாண வீடுகளில் அந்தப் பூங்காவின் பெயர் கெட்டிருக்கும்.

இதைவிடச் சிக்கலானது உயரம் அளக்கும் கம்பு. லெவியாதனில் ஏற 137 சென்ரிமீற்றர் வேண்டும். ஒரு பையன் வருகிறான். தலைமயிர் ஜெல் போட்டு நிமிர்த்தப்பட்டிருக்கிறது. சப்பாத்து இந்தக் கோடைக்குப் பொருத்தமில்லாத தடிப்பில் இருக்கிறது. கம்பை வைத்தால் மயிர் தொடுகிறது, தலை தொடவில்லை. ஊழியர் உள்ளங்கையால் மயிரை மெல்ல அமுக்குகிறார். ஜெல் எதிர்க்கிறது. இவ்விடத்தில் தகப்பன் முன்னுக்கு வந்து பெயர்ப்பட்டியை வாசிக்கிறார். வாசித்ததும் ஆங்கிலம் தமிழாகிறது. “தம்பி தமிழோ? ஊரிலை எவடம்?” என்ற கேள்வி ஈழத் தமிழர் வாழும் எந்த நாட்டிலும், எந்தக் கதவையும் அரை அங்குலம் திறக்கும் வல்லமை உடையது. இங்கே தேவைப்பட்டதும் அரை அங்குலம்தான். சாவகச்சேரி என்று பதில் வருகிறது. தகப்பனின் மனைவியின் சிறியதாயார் மட்டுவில். உறவு ஏறக்குறைய நிலைநாட்டப்பட்டுவிட்டது.

“உயரத்துக்கு ஊர் பாக்கேலாது, அங்கிள்” என்கிறான் பிள்ளை. பிறகு பையனிடம் குனிந்து, “இந்தக் கம்பு இவ்வளவுதான், இனி வளராது. நீங்கள் வளருவீங்கள். ஆர் வெல்லுறது?” பையன் சிரித்துவிட்டான். தகப்பன் சிரிக்கவில்லை, வரிசையில் நின்றதில் போன நேரத்துக்கு யாரிடமாவது நியாயம் கேட்க வேண்டியிருந்தது.

இத்தகைய பொறுமைக்குக் கல்வியுலகம் பெயர் வைத்திருக்கிறது. ஆர்லி ஹொக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக முகத்தையும் மனத்தையும் பழக்குவதை உணர்வுழைப்பு என்றார். பூங்காவுக்கு இன்னும் கிட்ட வந்தவர் ஜோன் வான் மானன். டிஸ்னிலாண்டில் தாமே வேலை செய்த அனுபவமுள்ள இவர், அந்த இடத்தைச் சிரிப்புத் தொழிற்சாலை என்று பெயரிட்டு 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். எரிச்சலூட்டும் விருந்தினரை ஊழியர் புன்னகை குலையாமல் பழிவாங்கும் வகைகளை அதில் அடுக்கியிருக்கிறார். இருக்கைப் பட்டியைத் தேவைக்கு மேல் இறுக்கிவிடுவது ஒன்று. கைகோத்து வந்த சோடியை ஏறுகிற கடைசி நொடியில் இரண்டு வண்டிகளுக்குப் பிரித்துவிடுவது இன்னொன்று. தொல்காப்பியரின் எள்ளலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மல்வேர்ன் பிள்ளைகள் இப்படிச் செய்வார்களா என்று கேட்டபோது அவர்கள் கொத்துரொட்டியில் மிகுந்த கவனம் செலுத்தினார்கள்.

பகிடியை நிறுவனமே கையில் எடுத்த வரலாறும் உண்டு. டிஸ்னிலாண்டின் காட்டுப் படகுச் சவாரி 1955இல் தொடங்கியபோது, படகோட்டிகள் ஆவணப்படக் குரலில் நதிகளையும் மிருகங்களையும் விளக்கினார்கள். 1960களில் அதற்குள் வேடிக்கை புகுந்தது. இன்று அந்தச் சவாரிக்குப் போவதே படகோட்டியின் கடிப் பகிடிக்காகத்தான். அருவிக்குப் பின்பக்கமாகப் படகு போகும்போது, உலகின் எட்டாவது அதிசயம் இதோ, தண்ணீரின் முதுகு என்று முகம் மாறாமல் அறிவிப்பார்கள். போட்டிப் பூங்காவான யூனிவர்சல் 1990இல் புளோரிடாவில் திறந்தபோது அங்கேயும் ஒரு படகு விட்டார்கள். ஆனால் அதை நோக்கிச் சுறா பாயும். 2012 தொடக்கத்தில் அந்தச் சவாரி மூடப்படும்வரை, அதே இடத்தில் அதே சுறாவைக் கண்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திடுக்கிடுவதுதான் படகோட்டியின் உத்தியோகம். ஒரு நிறுவனம் சிரிப்பை எழுதிக் கொடுத்தது, மற்றது பயத்தை.

எழுதிக் கொடுத்த பகிடிக்கு ஒரு வசதி: ஆயிரம் தடவை சொன்னாலும் தேயாது, கையில் கிடைக்கும்போதே தேய்ந்துதான் இருக்கும். பிள்ளை தானாகச் சொன்னது ஒரு தடவைதான் எடுபடும். ஆனால் வாகனத்தில் ஏறி வீட்டுக்கு வருவது அதுதான். வீட்டுக்கு வந்த குடும்பம் 93 மீற்றரைப் பற்றி ஒரு வசனம் பேசும். மருந்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசும். இதை எந்த நிர்வாகமும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் உடனே அதையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் எடுக்காமலிருப்பதே நல்லது.

டிஸ்னி வட்டாரத்தில் புகழ்பெற்ற ஒரு கேள்வி உண்டு: மூன்று மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு? கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஊர்வலம் எப்போது வந்து சேரும் என்று சொல்ல வேண்டும் என அங்கே பயிற்சி கொடுக்கிறார்களாம். பேதைமைக்குள் ஒளிந்திருக்கும் நியாயமான கேள்வியைத் தேடி எடுப்பது உயர்ந்த கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது புதிதல்ல. எட்டு மணிக் கலியாணம் எத்தனை மணிக்கு என்று மல்வேர்னில் காலங்காலமாகக் கேட்கிறார்கள்; ஒருவரும் சிரிப்பதில்லை, சரியான பதிலும் கிடைக்கிறது.

போட்டியைப் பற்றி நீளமாக எழுதத் திட்டமிட்டிருந்தேன். வொண்டர்லாண்டை 2006இல் வாங்கிய சீடர் ஃபெயர் நிறுவனமும் அதன் நெடுநாள் எதிராளியான சிக்ஸ் ஃபிளாக்ஸும் 2024 யூலை 1ஆம் திகதி ஒன்றாகிவிட்டதால் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. ரொறன்ரோவில் இரண்டு கோயில் நிர்வாகங்கள் இப்படி ஒன்றானதாக இக்கட்டுரையாளர் கேள்விப்பட்டதில்லை.

இதுவரை சொன்ன அனைத்தையும் மறுக்கும் சான்று ஒன்று சென்னையில் நிற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வி.ஜி.பி. தங்கக் கடற்கரையின் சிலை மனிதர். தலைப்பாகை, மீசை, காவலர் உடை. கண்கூட அசையாமல் பல மணிநேரம் நிற்பார். வருகிறவர்கள் பல்லை இளித்து, கூத்தாடி, அவரைச் சிரிக்க வைக்கப் பல பத்தாண்டுகளாக முயல்கிறார்கள். உலகப் பூங்காக்கள் ஊழியருக்குச் சிரிக்கச் சம்பளம் கொடுக்கும்போது, சிரிக்காமல் இருக்கச் சம்பளம் கொடுத்த ஒரே தமிழ்ச் சிந்தனை இது. நகையின் நான்கு ஊற்றுகளும் அங்கே பார்வையாளர் பக்கத்திலேயே பொங்குகின்றன. ஊழியருக்கு எஞ்சுவது பெருமிதம்.

மேற்குப் பூங்காவில் இரண்டு கோடை கம்பு பிடித்த பிள்ளை ஒருத்தி, குடும்பத்தோடு சென்னைக்குப் போனபோது அங்கேயும் போயிருக்கிறாள். தம்பிமார் இருவரும் குரங்குச் சேட்டை எல்லாம் செய்து களைத்த பிறகு, அவள் கிட்டப் போய்த் தணிந்த குரலில் கேட்டாளாம்: “அண்ணை, உங்களுக்கு பிரேக் எத்தினை மணிக்கு?”

மீசை அசைந்தது என்கிறாள் அவள். தம்பிமார் இல்லை என்கிறார்கள். காணொளியில் தாயாரின் விரல் குறுக்கே நிற்பதால் தீர்மானிக்க முடியவில்லை.