கரண்ட் போனால் டீசல் கைகொடுக்குமா?

கே: எங்கள் வீட்டு ஃபர்னஸ் எரிவாயுவில் ஓடுகிறது. கரண்ட் போனால் போகட்டுமே? – ஸ்கார்பரோ வாசகர்

ப: 2013 டிசம்பரில் டொரொண்டோவில் உறைமழை கொட்டி, மரக்கிளைகள் மின்கம்பிகளின் மேல் முறிந்து விழுந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. பல வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்தும் வெளிச்சம் வரவில்லை. குழாயில் எரிவாயு இருந்தும் பயனில்லை. சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. அடுப்பு இருந்தது, ஊத ஆளில்லை!

கே: லாரிக்காரர்கள் வைத்திருக்கும் குட்டி டீசல் ஹீட்டர் வீட்டுக்கு உதவுமா?

ப: அவசரத்துக்கு உதவும். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பெஹர் நிறுவனங்கள் வண்டிகளுக்காகச் செய்து பெயர் வாங்கியவை. இப்போது மலிவான சீன நகல்கள் நிறைய. 12 வோல்ட் பேட்டரி போதும். பற்றிக்கொள்ளும்வரை சில நிமிடம் 10 ஆம்பியர் வரை இழுக்கும், பிறகு ஒன்றிரண்டுதான். விரல் பருமனுள்ள பம்ப் ‘டக் டக்’ என்று சொட்டுச் சொட்டாக டீசல் அனுப்பும். டக் டக் வேகமானால் சூடு கூடும். மிதமாக ஓடினால் மணிக்கு 0.2 லிட்டர். 5 லிட்டர் டீசலில் ஒரு முழு நாளை ஓட்டிவிடலாம்.

இதன் சாமர்த்தியம் உள்ளே இருக்கிறது. அலுமினியக் கூட்டுக்குள் நெருப்பு. அறைக் காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தை உரசிச் சூடாகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை, சந்திக்கவும் கூடாது. ஆகவே ஹீட்டரை வீட்டுக்கு வெளியே உலோகப் பெட்டியில் வைத்து, வெப்பக்காற்றுக் குழாயை மட்டும் ஜன்னல் வழியே கொண்டுவருவது நல்ல முறை. ஜன்னல் இடைவெளியைப் பலகையால் அடைக்க வேண்டும். புகைக்குழாயின் வாய் ஜன்னலையோ ஹீட்டர் காற்றிழுக்கும் துளையையோ பார்த்திருக்கக் கூடாது. வண்டிக்கென்று செய்த கருவி என்பதால் காப்புறுதிக்காரர்களிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கே: ஒரு ராத்திரிதானே, புகையை கராஜுக்குள் விட்டால் என்ன?

ப: வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். டொரொண்டோ இருட்டில் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்கள் மயங்கி விழுந்தார்கள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் அரசு கணக்கிட்ட 246 சாவுகளில் இந்த வாயுவால் போன உயிர்களும் உண்டு. ஹீட்டர் வாங்கும் முன் பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

கே: பெட்டியில் ‘8 கிலோவாட்’ என்று போட்டிருக்கிறதே?

ப: ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி ஆற்றல். மணிக்கு அரை லிட்டர் எரிக்கும் கருவி 5-ஐத் தாண்டாது. அதிலும் புகையோடு போவது ஒரு பங்கு. ஓர் அறை கதகதப்பாகும். குடும்பமே அங்கே பாய் விரிக்கலாம்.

கே: கோடையில் வாங்கிய டீசல் கேனில் இருக்கிறது. ஊற்றலாமா?

ப: கூடாது. டீசலிலுள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்காலத்தில் பங்க்கில் விற்கும் டீசலையே வாங்குங்கள். அணைக்கும்போது பேட்டரி வயரைப் பிடுங்காதீர்கள். சுவிட்சை அணைத்தபின் விசிறி சில நிமிடம் ஓடி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளிவிட்டுத் தானே நிற்கும்.