உத்தேச வயதும் ஏழாண்டுக் கோப்பும்

பாலியல் படங்களில் தோன்றுவோரின் வயதுச் சான்றுகளைத் தயாரிப்பாளர் பேண வேண்டும் என்று 1988இல் விதித்த அமெரிக்கச் சட்டத்தின் 2257ஆம் பிரிவும் அதன் ஒழுங்குவிதிகளும், சிறுவரைக் காக்கும் நன்னோக்கில், அக்கோப்புகளை ஏழாண்டு காக்கவும், வாரத்திற்குக் குறைந்தது 20 மணிநேரம் பரிசோதகருக்குத் திறந்து வைக்கவும் கட்டளையிடுகின்றன. ஆயின், 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணக்காப்பகத்திலோ, உரிமையாளர் நீக்கிய பக்கம் கோப்பின் ஆயுளையும் கடந்து சிரஞ்சீவியாக வாழக்கூடும்.

இச்சட்டம் இலங்கையின் நெடுந்தீவுக்கு வந்திருந்தால், குறிகட்டுவானில் படகேறிக் கடல் கடந்து வரும் பரிசோதகர் திரும்பும் படகைத் தவறவிட்டு 20 மணிநேரத்தையும் அங்கேயே கழித்திருப்பார். அவர் கேட்கும் துல்லியமான சான்றுக்குப் பதிலாக, பிறப்புப் பதியப்படாதோருக்கு இலங்கை அரசே முத்திரையிட்டு வழங்கும் ‘உத்தேச வயதுச் சான்றிதழ்’ நீட்டப்பட்டிருக்கும்.