5-க்கு 1 எப்படி வந்தது?

கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர்களிடம் ஸ்டீயரிங் விகிதம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "5-க்கு 1" என்பார்கள், ஜாதகப் பொருத்தம் பார்த்து முடித்த உறுதியோடு. சாலைக் காரில் 15-க்கு 1 சகஜம். ஆனால் வெளிவிட்டம் 9 மீட்டர் வரை சுருங்கும் கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு சுற்றுவது கைக்கு ஆகாது. ஆகவே குறைந்த விகிதம். சரி. குறைத்தால் ஸ்டீயரிங் சக்கரம் கனக்குமே? பவர் ஸ்டீயரிங் வைப்பவர் அபூர்வம். ஓட்டப்போகிற தம்பியோ விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்தவர்.

உண்மைக் காரணம், சீனியர் அண்ணன்கள் விட்டுப்போன பினியன், அதாவது ஸ்டீயரிங்கின் சிறு பற்சக்கரம். நடுவர் "ஏன் 5?" என்றதும் ஆக்கர்மான், காஸ்டர், டயர் தரவு எல்லாம் ஸ்லைடில் அணிவகுத்து அந்தப் பழைய பினியனுக்கே வக்காலத்து வாங்கும். எதிர்பார்த்த விடை வரும்வரை எக்செல் விடாது.

ஸ்டீயரிங்கில் வெற்றாட்டம் மொத்தம் 7 பாகையைத் தாண்டக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. விகிதத்தின் தசமப் புள்ளிக்காக விடிய விடியச் சண்டை போட்டவர்கள், யூனிவர்சல் ஜாயின்ட் லொடலொடப்பதைக் கவனிப்பது தொழில்நுட்பப் பரிசோதனை வரிசையில் நிற்கும்போதுதான்.